கெட்டிலுக்கு டிகிரி தெரியாது

கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். சமீபத்தில் ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கினோம். "நூறு டிகிரி வந்ததும் தானாவே ஆஃப் ஆயிடும்மா" என்றார் கடைக்காரர். பிளஸ் டூ படிக்கும் என் பேத்தியோ, "நம்ம ஊர்ல தண்ணி நூறு டிகிரிக்கே போகாது பாட்டி" என்கிறாள். கெட்டில் என்னவோ ஒழுங்காகத்தான் அணைகிறது. இருவரில் யார் சொல்வது சரி? சென்னையில் இருக்கும் மகனுக்கும் ஒன்று வாங்கிக்கொடுக்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? டீ, காபி இரண்டுக்கும் ஆகுமா? பாலையும் அதிலேயே காய்ச்சிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் பேத்தி சொன்னது முழுக்கச் சரி. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. தானாக அணையும் என்பது உண்மை. நூறு டிகிரி என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. கெட்டில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், உள்ளே எங்கோ ஒரு தெர்மாமீட்டர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது நூறைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்துகிறது என்றுதான் நம்புகிறார்கள். அப்படி ஒன்று இருந்தால் உங்கள் வீட்டுக் கெட்டில் தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டேயிருக்கும். குன்னூரில் அது அணைகிறது என்பதே அப்படி ஒன்று அதில் இல்லை என்பதற்கு அத்தாட்சி.

நூறு டிகிரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தண்ணீருக்குள் உருவாகும் ஆவிக் குமிழி, மேலிருந்து அழுத்தும் காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கிற அளவுக்கு வலுப்பெறுவதுதான் கொதிப்பது. மலை ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. குமிழிக்கு வேலை சுலபமாகிறது. குறைந்த சூட்டிலேயே கொதி வந்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 94 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு.

கொதி வந்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. கூடுதல் தீ முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். குக்கர் இல்லாமல் மலையூரில் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால், வாட் அதிகமான கெட்டிலில் தண்ணீர் "நன்றாகச் சுடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீக்கிரம் கொதிக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் கெட்டில் எதைப் பார்த்து அணைகிறது? ஆவியைப் பார்த்து. கெட்டில் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கைப்பிடி சேரும் பக்கத்தில், மேல் விளிம்பை ஒட்டி உள்ளே பாருங்கள். ஒரு சிறு துளையோ, வரிசையாகச் சில கீறல்களோ தெரியும். ஆவி அதற்குள் புகுந்து சுவிட்சை நோக்கிப் போகிறது. சுவிட்ச் அடியில் இருக்கும் மாடல்களில் ஒரு குழாய் கைப்பிடிக்குள்ளாகவோ பின்புறமாகவோ கீழே இறங்கும். சுவிட்ச் கைப்பிடியின் உச்சியில் இருந்தால் பாதை குட்டையாக இருக்கும். பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு காத்திருக்கிறது. இதை பைமெட்டல் என்பார்கள். சூடேறும்போது வெவ்வேறு அளவில் விரிகிற இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த தகடு அது. ஒரு பக்கம் அதிகம் விரிய, மறு பக்கம் அவ்வளவாக விரியாததால், வெயிலில் காயும் பனையோலை ஒருபுறமாகச் சுருள்கிற மாதிரி அது வளைகிறது. கெட்டிலுக்கான தகட்டை லேசாகக் குழிவாக அடித்திருப்பார்கள். அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாக வளையாது. ஒரு கட்டம் வரை பொறுத்திருந்துவிட்டு ஒரேயடியாக மறுபுறம் புரளும். அந்த உதையில் சுவிட்ச் விழும். உங்களுக்குக் கேட்கிற 'டக்' அதுதான்.

உங்கள் பேத்தி இங்கே ஒரு மடக்கு மடக்கக்கூடும்: "தகடும் சூட்டைத்தானே பார்க்கிறது?" ஆமாம், ஆனால் தன் சூட்டை; தண்ணீரின் சூட்டை அல்ல. அந்தத் தகடு புரளும் சூடு, கொதிக்கும் தண்ணீரின் சூட்டைவிடக் கணிசமாகக் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பின் ஏன் தண்ணீர் எண்பது டிகிரி வரும்போதே அது புரண்டுவிடுவதில்லை என்று கேட்டால், அப்போது தகட்டுக்கு அந்தச் சூடு போய்ச் சேர்வதே இல்லை. குழாய்க்குள் இருப்பது சும்மா காற்று. அது சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. மெல்லிய ஆவி எழுந்தாலும் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகிற விசை அதற்குக் கிடையாது.

கொதி வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. நொடிக்கு நொடி ஆவி பெருகி, மூடிக்குக் கீழே இருந்த காற்றை வெளியே தள்ளி, கிடைத்த வழியிலெல்லாம் பாய்கிறது. குளிர்ந்த தகட்டில் மோதியதும் மறுபடி தண்ணீராகிறது. அப்படி ஆகும்போது, தான் ஆவியாவதற்காக வாங்கி வைத்திருந்த வெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவிடுகிறது. இதற்கு மறைவெப்பம் என்று பெயர். தெர்மாமீட்டரில் தெரியாமல் ஆவிக்குள் ஒளிந்திருக்கும் வெப்பம். அது சாமானியமான அளவல்ல. அறைச் சூட்டில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப்போல, கொதித்த அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏழு மடங்கு வேண்டும். இவ்வளவையும் சில நொடிகளில் வாங்கிக்கொண்டால் அந்தச் சின்னத் தகடு என்ன செய்யும், புரளத்தான் செய்யும். வந்த ஆவி சென்னையின் 100 டிகிரி ஆவியா, குன்னூரின் 94 டிகிரி ஆவியா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் 71 டிகிரி அளவிலேயே கொதிக்கும். அங்கே வேண்டுமானால் கெட்டில் தடுமாறலாம். பிளக் பாயிண்ட் கிடைப்பதும் சிரமம்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பேத்திக்கு ஆசை இருந்தால் வழி இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியைத் திறந்தே வைத்துக் கெட்டிலைப் போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஆவியில் கையை நீட்டக் கூடாது. தண்ணீர் கொதிக்கும், கொதித்துக்கொண்டே இருக்கும், சுவிட்ச் விழாது. ஆவி மேலே திறந்த வழியில் போய்விடுவதால் குழாய்க்குள் நுழைய அதற்கு அவசியமில்லை. மூடியைச் சாத்தினால் சில நொடிகளில் 'டக்'. அணைந்த கையோடு மறுபடி சுவிட்சை அழுத்திப் பார்த்தால் அது நிற்காமல் எழுந்துவிடும். தகடு இன்னும் ஆறவில்லை. இதைப் பார்த்துவிட்டுக் "கெட்டில் ரிப்பேர்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இந்த யோசனை புதிதல்ல. இரண்டு உலோகங்களை இணைத்த பட்டையை 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர். கப்பலில் வெயிலுக்கும் குளிருக்கும் கடிகாரம் நேரம் தப்பாமல் இருப்பதற்காக அதைச் செய்தார். கெட்டிலில் ஆவியை அந்தப் பட்டையின் மேல் பாயவிட்டுச் சுவிட்சைத் தட்டவைக்கும் ஏற்பாட்டை 1950-களின் நடுவில் பிரிட்டனில் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் தன் கே1 கெட்டிலில் கொண்டுவந்தது. அதற்கு முன் மின்சாரக் கெட்டிலைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் தண்ணீர் வற்றி, உள்ளே இருக்கும் காயிலும் எரிந்த பிறகுதான் நினைத்துக்கொள்வார்கள். பிற்பாடு இதே பிரிட்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர், புரளும் தகடுகளைக் கொண்டு கெட்டில் சுவிட்சுகளை உலகமெங்கும் பரவச் செய்தார். அவருக்கு ஹாரிசன் மேல் தனிப் பற்று. கேம்பிரிட்ஜில் 2008-இல் திறக்கப்பட்ட, வெட்டுக்கிளி உருவம் ஏறி உட்கார்ந்திருக்கும் பெரிய கடிகாரம் அவர் ஹாரிசனுக்குச் செய்த மரியாதை.

இனி உபயோகத்துக்கு வருவோம். கெட்டில் ஆவியை நம்பி இருக்கிறது என்பது புரிந்துவிட்டால், அதனுடன் வரும் சின்னப் புத்தகத்தில் உள்ள எச்சரிக்கைகளில் பாதிக்கு விளக்கம் தேவைப்படாது. மூடி சரியாகப் பொருந்த வேண்டும். 'மேக்ஸ்' கோட்டுக்கு மேல் தண்ணீர் விட்டால் கொதிக்கும்போது அது மூக்கு வழியே தெறிக்கும், ஆவிக் குழாய்க்குள்ளும் புகும். 'மின்' கோட்டுக்குக் கீழே விட்டால் அடித்தட்டு காய்ந்துவிடும். அடித்தட்டுக்குக் கீழேயும் இன்னொரு பைமெட்டல் தகடு உண்டு. தண்ணீர் இல்லாமல் அடி அளவுக்கு மீறிச் சுட்டால் மின்சாரத்தை வெட்டுவது அதன் வேலை. அது கடைசிக் காவல். தினசரி வேலைக்காரன் அல்ல. மூடி திறந்தபடி மறந்துபோன ஒரு லிட்டர் தண்ணீர், 1,500 வாட் கெட்டிலில் முழுக்க வற்ற அரை மணி நேரம் போல ஆகும். அத்தனை நேரமும் மீட்டர் ஓடும், சமையலறைச் சுவர் ஈரமாகும்.

பாலுக்கு என் பதில்: வேண்டாம். பால் காயும்போது நுரைத்து எழும். ஆவி போதிய அளவுக்குக் குழாயை எட்டுவதற்குள் நுரை அந்தத் துளைக்கு வந்துவிடும். சுவிட்ச் விழுவதற்கு முன்பே பால் பொங்கி அடித்தட்டின் மின் இணைப்பு வரை வழியலாம். பாலின் புரதமும் சர்க்கரையும் சூடான அடித்தட்டில் பிடித்துக் கருகும். கருகிய படலம் சூட்டை மேலே விடாது. அடி இன்னும் சுடும். எல்லாவற்றையும்விட மோசம், ஆவிக் குழாய்க்குள் போன பாலைக் கழுவ வழியே இல்லாதது. இரண்டு நாளில் வாடையே சொல்லிவிடும். டீத்தூளையும் அதற்குள் போடாதீர்கள். கெட்டில் தண்ணீருக்கு மட்டும். பால், நூடுல்ஸ் எல்லாம் காய்ச்சலாம் என்று 'மல்டி கெட்டில்' என ஒன்று விற்கிறார்கள். அகல வாயும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகும் உள்ள சின்ன மின்சாரப் பாத்திரம் அது. அதன் கட்டுப்பாடு அடித்தட்டின் சூட்டைப் பார்த்து இயங்குவது. விடுதி அறையில் தனியாக இருக்கும் மாணவருக்கு ஆகும். அடுப்பு உள்ள வீட்டுக்கு அவசியமில்லை.

டீக்கு வருகிறேன். கருந்தேயிலைக்குத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தேயிலையைச் சுவை பார்த்து ஒப்பிடுவதற்கென்று ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச விதிமுறையே இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம் தேயிலை, அப்போதுதான் கொதித்த தண்ணீர், ஆறு நிமிடம். இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999-இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது; ஒரு கப் டீ போட ஆறு பக்க விதிமுறையா என்று சிரித்தவர்கள் கொடுத்த பரிசு. சிரித்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. குன்னூரில் உங்கள் தண்ணீர் 94-இல் நின்றுவிடுவதால் சாறு இறங்கச் சற்று நேரம் கூடப் பிடிக்கும். கெட்டில் அணைந்த உடனே ஊற்றுங்கள், பாத்திரத்தை மூடிவைத்து வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். பொடிமணியாக உருட்டிய சிடிசி தேயிலை (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது) சீக்கிரம் நிறம் விடும். முழு இலைத் தேயிலைக்குத்தான் அந்தப் பொறுமை அதிகம் வேண்டும். பாலை அடுப்பில் தனியாகக் காய்ச்சி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். பாலும் தூளும் சேர்ந்து கொதித்த கடை டீயின் ருசி இதில் வராது. அது வேறு பானம். அதற்குக் கெட்டிலைக் குற்றம் சொல்லக் கூடாது.

காபியில்தான் சுவாரஸ்யம். காபித்தூளில் நல்லது இறங்க 90 முதல் 96 டிகிரி வரை போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு ஏறும் என்பது பொது விதி. அதனால் கொதித்த பின் அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றச் சொல்வார்கள். இந்த யோசனை கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் மலையே அந்த ஆறு டிகிரியை முன்கூட்டிக் குறைத்துவிட்டது, நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு, நம் ஊர் ஃபில்டர் வெறும் காகிதமல்ல. எவர்சில்வரோ பித்தளையோ, நல்ல கனமான பாத்திரம். சில்லென்று இருக்கும் ஃபில்டரில் ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றினால் பாத்திரமே ஐந்தாறு டிகிரியைக் குடித்துவிடும். ஆகவே சென்னையில் உங்கள் மகன் கொதித்ததும் நேராக ஊற்றலாம். தண்ணீர் தூளைச் சேரும்போது சரியான சூட்டில்தான் இருக்கும். நீங்கள் மட்டும் தூள் போடுவதற்கு முன் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை வெந்நீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள். டிகாக்ஷன் நீர்த்துப்போகிறது என்று மலையூர்களில் சொல்லும் குறை பெரும்பாலும் இதில் தீரும். கிரீன் டீக்கோ 80 டிகிரி போதும். சென்னையில் மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். குன்னூரில் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது? தண்ணீர் படும் இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கை நுழைத்துத் தேய்க்கிற அளவுக்கு அகல வாய், மூக்கில் ஒரு வலை, ஐஎஸ்ஐ முத்திரை. இரண்டு மூன்று பேருக்கு ஒரு லிட்டர் போதும். பெரிதாக வாங்கினால் தேவைக்கு மேல் காய்ச்சத் தோன்றும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வெளிப்புறம் சுடாத இரட்டைச் சுவர் மாடல் நல்லது. வாத்துக் கழுத்துபோல் நீண்ட மூக்குள்ள மாடல் காகித வடிகட்டியில் காபி போடுபவர்களுக்கு. நம் ஃபில்டருக்கு அது வெறும் அலங்காரம்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டிகிரியைத் தேர்ந்தெடுக்கும் டிஜிட்டல் கெட்டில்கள் இப்போது வருகின்றன. அவற்றில் உண்மையாகவே வெப்பம் அளக்கும் உணரி இருக்கிறது. கடைக்காரர் சொன்னது இவற்றுக்குப் பொருந்தும். நல்ல மாடல்கள் சூடு ஏறாமல் நின்றுவிட்டதைக் கண்டுகொள்ளும், அல்லது ஊரின் உயரத்தைப் பதிய இடம் தரும். இரண்டும் இல்லாததில் நீங்கள் நூறை அமுக்கினால், அது வராத நூறுக்காகக் காத்துக் கொதித்துக்கொண்டிருக்கக்கூடும். வாங்குவதாக இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், குன்னூருக்கு ஆவியில் அணையும் சாதாரண மாடலே போதும், விலையும் குறைவு.

மின்சாரக் கணக்கு எளிது. ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். 1,500 வாட் என்றால் நான்கு நிமிடம் போல. ஆனால் 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். விளக்கு, ஃபேன் சுவிட்சுகளோடு இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் ஆறு ஆம்பியருக்கானது. அதையும், எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் தவிர்த்து, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் போடும் பவர் பிளக்கில் போடுங்கள். மாலையில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் கெட்டிலின் திறன் கால் பங்கு குறைந்துவிடும். தாமதம் ஆகுமே தவிர அதில் பழுது ஒன்றும் இல்லை.

மகன் வீட்டில் போர்த் தண்ணீர் என்றால், ஒரு மாதத்திலேயே கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் தெரிந்து அவர் உங்களுக்கு ஃபோன் செய்வார். தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து, சூடேறியதும் கரைய முடியாமல் படிந்தது அது. உடம்புக்கு அதனால் பயமில்லை. ஆனால் தடித்தால் சூட்டைத் தடுக்கும், கொதிக்க நேரமாகும், டீயின் மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கும். கம்பி நாரால் சுரண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அரை கெட்டில் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோ, இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டோ கொதிக்க வைத்து, கால் மணி நேரம் அப்படியே விட்டுக் கொட்டினால் படலம் கரைந்து போகும். அதன் பிறகு வெறும் தண்ணீரை ஒரு முறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த காபியில் ஊற்றும் பால் திரிந்துவிடும்.